சரிபார்த்த பிறகு பேசவும் வேண்டும்: பள்ளி ஆசிரியருக்கு ஒரு பாடத் திட்டம்

ஊடகப் பாடம் எடுப்பவர்கள் பலர் ‘வாட்ஸ்அப்பில் வருவது எதையும் நம்பாதே’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எதையும் நம்பாத பிள்ளை அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காது. சரிபார்க்கவும் வேண்டும், சரிபார்த்ததை வைத்துப் பேசவும் வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பில் இரண்டு பாடவேளை கிடைத்தால் இதைப் பழக்கலாம்.

முதலில், எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய கட்சிச் சண்டை வேண்டாம். வகுப்பே இரண்டு பட்டுவிடும். உண்மை வெளிவந்துவிட்ட பழைய விவகாரம் நல்லது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்வதாகச் சில வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், பீகாரிலிருந்து விசாரணைக் குழுவே வந்தது. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். வீடியோவை ஓட்டிக் காட்டாதீர்கள். ரத்தம் தெரியாத ஸ்கிரீன்ஷாட் இரண்டு போதும்.

தேடத் தொடங்குமுன், படத்தைப் பார்த்ததும் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உடனே ஃபார்வர்டு செய்யத் தூண்டுவது அந்த உணர்ச்சிதான்.

அடுத்தது முக்கியமான படி: பதிவை விட்டு வெளியே வருவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்கள் பலர்கூட அறிமுகமில்லாத இணையதளத்தையே உற்றுப் படித்து ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பாளர்களோ சட்டென்று வேறு டேப் திறந்து, அந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். மாணவர்களும் அப்படியே தேடட்டும்.

பிறகு ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் லென்ஸில் போடுங்கள். முகம் பெரிதாகத் தெரியும் காட்சியைவிட கடைப்பலகை, வண்டி நம்பர், பேருந்தின் நிறம், போலீஸ் சீருடை தெரியும் காட்சிதான் துப்புக் கொடுக்கும். நம்பர் பிளேட்டில் ஆர்.ஜே. என்றிருந்தால் வண்டி ராஜஸ்தானில் பதிவானது. பலகை எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே துப்பை வைத்து முடிவுகட்ட விடாதீர்கள்.

இரண்டாவது பாடவேளையில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த கட்சிக்குச் சாதகமான பதிவு ஒன்றை இதே வழியில் சோதிக்கட்டும். கஷ்டமான பயிற்சி இதுதான், விட்டுவிடாதீர்கள்.

இனி பேச வேண்டிய கட்டம். குடும்பக் குரூப்பில் பெரியப்பா பொய்ச் செய்தி போட்டால் எல்லார் முன்னும் திருத்த வேண்டாம். “பெரியப்பா, இது பழைய வீடியோ, இந்த லிங்க்கைப் பாருங்க” என்று தனியாக அனுப்பினால் அவரே நீக்கிவிட வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எங்கே, எப்போது, என்ன ஆதாரம் என்ற விவரத்தோடு பதிவாகவும் மனுவாகவும் எழுதட்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வாக்காளரான அம்மாவோ அப்பாவோ மனுவை அங்கே கொடுக்கலாம். 17 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் கேட்க அது தேவைப்படும்.