தாயக்கட்டையில் ஒரு குதிரைப் பந்தயம்

கோவையில் 'ரேஸ் கோர்ஸ்' என்று சொன்னால் இன்று யாருக்கும் குதிரை நினைவுக்கு வருவதில்லை. சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வட்டப் பாதையில் அதிகாலையில் நடைபயில்வோரே நினைவுக்கு வருவர். ஆங்கிலேயர் காலத்தில் குதிரைகள் ஓடிய இடம் அது. குதிரைகள் போயின, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கொங்கு நாட்டாருக்குக் குதிரையும் பந்தயமும் புதியவை அல்ல. ஆடித் திங்களில் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி முதலிய வடநாட்டுக் குதிரைகளும் வந்து நிற்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் ரேக்ளா வண்டிகள் சீறிப் பாய்வதைக் காணக் கூட்டம் அலைமோதும். ஓட்டத்தைக் கண்டு களிப்பதில் குற்றம் ஏதுமில்லை. ஓடும் விலங்கின்மேல் ஒருவன் பணம் கட்டும்போதுதான் கணக்கு வேறாகிறது. அந்தக் கணக்கைப் பந்தயத் திடலுக்குப் போகாமலேயே, கையிலிருந்து ஒரு காசும் போகாமலேயே, நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

வெளிநாடுகளில் இது வழக்கமான ஒன்று. ஆஸ்திரேலியாவில் 1861 முதல் நடைபெற்று வரும் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். அமெரிக்காவில் 1875-இல் தொடங்கிய கென்டக்கி டெர்பி மே மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும். அந்நாட்களில் பலர் உற்றார் உறவினரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துப் பந்தயத்தைக் காண்பர். குதிரைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வதும் உண்டு. நமக்கு அத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஒரு சோடி பித்தளைத் தாயக்கட்டையும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும்.

களம் அமைத்தல்

தரையில் சாக்குக்கட்டியால் ஏழு நெடும் பாதைகளை வரைக. ஒவ்வொரு பாதையையும் ஆறு கட்டங்களாகப் பிரிக்க. பாதைகளின் தலைப்பில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று எழுதுக. தாயக்கட்டை இரண்டை உருட்டினால் விழக்கூடிய எண்கள் இவை ஏழே. கதிரவன் தேரிலும் குதிரைகள் ஏழு என்பர். நம் திண்ணைப் பந்தயத்திலும் ஏழு. கொலுவில் வைக்கும் மண்குதிரை இருந்தால் நன்று; இல்லையேல் சோழியோ பொத்தானோ குதிரையாகட்டும்.

ஒருவர் கட்டைகளை உருட்டட்டும். எந்த எண் விழுகிறதோ அந்தக் குதிரை ஒரு கட்டம் முன்னேறும். ஆறு கட்டங்களையும் முதலில் கடக்கும் குதிரைக்கே வெற்றி. தாய ஆட்டத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுமுறை உருட்டும் உரிமை உண்டல்லவா? இங்கே அந்தச் சலுகை எந்த எண்ணுக்கும் இல்லை.

பதினாறு வழிகள்

கட்டை ஒன்றுக்கு நான்கு முகங்கள். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். நான்காவது முகம் வெறுமையானது. இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழும் வழிகள் 4 × 4 = 16. அவை வருமாறு:

1 (தாயம்) — 2 வழிகள்
2 — 3 வழிகள்
3 — 4 வழிகள்
4 — 3 வழிகள்
5 — 2 வழிகள்
6 — 1 வழி
12 (இரண்டும் வெறுமை) — 1 வழி

இதைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். தாய ஆட்டத்தில் மறு உருட்டுப் பெறும் எண்கள் நான்குக்கும் சேர்த்து ஆறு வழிகளே உள்ளன. சலுகையில்லாத 2, 3, 4 ஆகிய மூன்று எண்களுக்குப் பத்து வழிகள் உள்ளன. அரிதாக விழுவதற்கே சலுகை தர வேண்டும் என்பதை, நிகழ்தகவு என்னும் சொல்லை அறியாத நம் பாட்டிமார் ஆட்டத்திலேயே அறிந்திருந்தனர் என்று தோன்றுகிறது. மேலைநாட்டில் இக்கலை கணிதமாக வளரத் தொடங்கியதும் ஒரு சூதாட்ட வினாவினால்தான். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றிப் பாஸ்கலும் பெர்மாவும் 1654-இல் கடிதங்கள் எழுதிக்கொண்டனர்.

பாதை நீள நீள

இப்போது 3-ஆம் குதிரையையும் 12-ஆம் குதிரையையும் மட்டும் ஒப்பிடுவோம். முன்னதற்கு நான்கு வழி. பின்னதற்கு ஒரே வழி. பாதையில் ஒரே கட்டம் இருந்தால் 12 முந்துவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அதாவது நூற்றுக்கு 20. மூன்று கட்டங்கள் இருந்தால் அது நூற்றுக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறையும். ஆறு கட்டங்கள் இருந்தால் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஈருறுப்புப் பரவலைப் படித்த எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதன் பொருள் என்ன? ஓரிரு உருட்டில் நற்பேறு எவர் பக்கமும் சாயும். உருட்டுகள் பெருகப் பெருக, உள்ளே மறைந்திருக்கும் விகிதம் வெளிப்பட்டே தீரும். ஜேக்கப் பெர்னூலியின் நூல் 1713-இல் வெளிவந்தபோது உலகுக்குச் சொன்ன பெரு எண் விதி இதுவே. 'அன்றைக்கு ஒரு நாள் பன்னிரண்டு ஜெயித்ததே!' என்று ஒருவர் சொல்லக்கூடும். ஜெயித்தது உண்மைதான். அதை நம்பி நாள்தோறும் கட்டுவதுதான் பிழை.

பணயமும் சொம்பும்

இனிப் பந்தயம் கட்டுவோம். விருந்தினர் பத்துப் பேர் என்க. ஆளுக்கு 20 புளியங்கொட்டை, மொத்தம் 200. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த குதிரையின்மேல் 2 கொட்டை கட்ட வேண்டும். கட்டிய 20 கொட்டைகளும் ஒரு சொம்பில் சேரும். பந்தயத்தை நடத்துபவர் அதிலிருந்து 4 கொட்டைகளைத் தம் டப்பாவில் போட்டுக்கொள்வார். எஞ்சிய 16 கொட்டைகளை வென்ற குதிரையின்மேல் கட்டியவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சரியாக வகுபடாமல் மீந்தால் அதுவும் டப்பாவுக்கே. வென்ற குதிரையின்மேல் எவருமே கட்டவில்லையெனில் அந்த 16 கொட்டைகள் அடுத்த ஓட்டத்தில் சேரும்.

பந்தயத் திடல்களில் 'டோட்' எனப்படும் முறை அடிப்படையில் இதுவே. கட்டிய பணத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, நடத்துபவரின் பங்கைக் கழித்து, மீதியை வென்றோருக்குப் பிரிக்கும் இம்முறையைப் பாரிஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் ஓலர் என்பவர் வகுத்தார். அந்தக் கணக்கைத் தானே போடும் பெரிய பொறியை ஜார்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியாளர் உருவாக்கினார். அது 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள எல்லர்ஸ்லி திடலில் முதன்முதலாக நிறுவப்பட்டது.

எங்கள் வீட்டில் பொங்கல் விடுமுறையில் உறவினர் கூடியபோது இதை ஆடிப் பார்த்தோம். சொம்பும் டப்பாவும் என் பொறுப்பு. சின்னவர்கள் 12-இன்மேல் ஆசைப்பட்டுக் கட்டினர். மாமா கணக்கறிந்தவர் போல் 3-இன்மேலேயே கட்டி வந்தார். நான்கு ஓட்டம் முடிந்ததும், அதுவரை வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி, "ஏங்கண்ணு, எந்தக் குதிரை செயிச்சாலும் உன்ற டப்பாவுக்குத்தானே கொட்டை போவுது?" என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். நான் பாடநூலில் இரண்டு பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் நான்கே ஓட்டத்தில் கண்டுகொண்டார்.

கணக்கு இதுதான். ஓட்டத்துக்கு 4 வீதம் பத்து ஓட்டத்தில் டப்பாவில் 40 கொட்டைகள் சேர்ந்துவிடும். ஆடியவர்களிடம் மொத்தம் இருந்தது 200. இப்போது 160-க்கு மேல் இருக்க முடியாது. ஆளுக்குச் சராசரி 20 கொட்டை 16 ஆகிவிட்டது. ஒருவரிடம் 35 இருக்கலாம். அவர் மகிழ்ச்சியில் கூத்தாடலாம். அப்படியானால் மற்ற ஒன்பது பேரிடமும் சேர்த்து 125-க்கு மேல் இராது. டப்பாக்காரரோ ஒருமுறைகூட எந்தக் குதிரையையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒருமுறைகூடத் தோற்கவுமில்லை.

'நான் 3-ஆம் குதிரையின் வலிமையை அறிந்தவன். எனக்கு நட்டம் வராது' என்பார் ஒருவர். அந்த அறிவு பத்துப் பேருக்கும் இருப்பதாகக் கொள்வோம். பத்துப் பேரும் 3-இன்மேல் கட்ட, 3-ம் வெல்கிறது. பதினாறைப் பத்தால் வகுத்தால் ஆளுக்கு 1 கொட்டை; மீதி 6 டப்பாவுக்கு. இரண்டைக் கட்டி, வெற்றியும் பெற்று, ஒன்றோடு திரும்புகிறோம்! எல்லாரும் அறிந்த உண்மைக்குப் பந்தயத்தில் விலை குறைவு.

திறமையா, நற்பேறா?

குதிரைப் பந்தயம் சூதா என்னும் வழக்கு நம் மாநிலத்தில் நெடுங்காலம் நடந்தது. சென்னைக் கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்து வந்தது. பந்தயத்தை ஒழிக்க 1974-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. வழக்கினால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வமிசம், பயிற்சி, சவாரி செய்பவரின் தேர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்து கட்டுவதில் திறமை உண்டு என்பது அதன் கருத்து. பின்னாளில் அரசு திடல்களின் நிலத்தையே திரும்பப் பெற முற்பட்டது. 2024-இல் உதகைத் திடலின் சுமார் 52 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையையும் இரத்து செய்தது.

திறமை உண்டு என்பதை நாமும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் புளியங்கொட்டை ஒன்றைச் சொல்கிறது. ஒருவரது திறமை பக்கத்தில் இருப்பவரின் கொட்டையைத் தம் பக்கம் இழுக்கவே உதவும். டப்பாவுக்குள் போனதை மீட்க உதவாது. மற்றவரைவிடச் சிறிது திறமை மிக்கவராயிருந்தால் போதாது. நடத்துபவரின் கழிவையும் ஈடுகட்டும் அளவுக்கு மிக்கவராயிருக்க வேண்டும். அதற்கும் மேலாக வரி ஒன்றுண்டு. குதிரைப் பந்தயத்தின் மீதான சரக்கு, சேவை வரி 28 விழுக்காடாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்தது.

நூற்றுக்கு இருபது கழிவு என்று வைத்துக்கொண்டு 100 ரூபாயைத் தொடர்வோம். சராசரியாக 80 திரும்பும். அதை மீண்டும் கட்டினால் 64. மூன்றாம் முறை 51. இவ்வாறே பத்து முறை கட்டினால் ஏறத்தாழ 11 ரூபாயே எஞ்சும். இதில் யாரும் ஏமாற்றவில்லை, கட்டையில் கள்ளமில்லை, குதிரைக்கு மருந்தும் கொடுக்கவில்லை. நேர்மையாக நடந்தாலே இந்நிலை.

நமக்கு இதனால் என்ன?

திடலுக்குப் போகும் வழக்கம் நம் குடும்பங்களில் இல்லாதிருக்கலாம். ஆனால் டப்பா பல உருவில் நம் தெருவுக்கு வந்துள்ளது. 2003 சனவரியில் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்படும் வரை, சனிக்கிழமைக் கூலி வீடு சேரும் முன்னரே சீட்டுக் கடையில் கரைந்த கதை ஊர்தோறும் உண்டு. பின்னர் அது கைப்பேசிக்குள் புகுந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் ஒரு கதவை மூடினால் டப்பா வேறொரு கதவைத் தட்டும். கணக்கு தெரிந்தவன் வீட்டில் அது நுழைவது கடினம். வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அந்த அறிவுரையைக் கேட்டும் கேளாதிருப்போர் எண்ணிப் பார்த்தால் நம்புவர்.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டிலும் இப்பந்தயத்தை நடத்துங்கள். முதல் பத்து ஓட்டம் டப்பாவோடு நடக்கட்டும். அடுத்த பத்து ஓட்டம் டப்பா இல்லாமல், சொம்பிலுள்ள 20-ஐயும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் வென்றவருக்கே கொடுத்து நடக்கட்டும். இரண்டின் முடிவிலும் எல்லாருடைய கொட்டைகளையும் கூட்டிச் சுவரில் எழுதுங்கள். எந்தச் சொற்பொழிவும் தேவையிராது. விருந்தாகச் சுண்டலும் கடலை மிட்டாயும் கொடுங்கள்; ஒரு காசையும் பணயமாக வைக்க விடாதீர்கள்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். 'அப்படி என்னதான் படிக்கிறாய்?' என்று வீட்டார் கேட்கும்போது விடை சொல்லத் தடுமாறுகிறோம். நிகழ்தகவு என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது. தாயக்கட்டையை உருட்டிக் காட்டினால் விளங்கும். கற்ற கணக்கு தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், நாம் பிறந்த வீட்டின் ஒரு வாரக் கூலியையாவது காக்குமானால், அக்கல்வி பயன் தந்தது எனலாம்.