விறகுக்கும் கணக்கு எழுதுவோம்

சொந்த வளவில் இருந்தபோது விறகை நாம் காசுக்கு வாங்கவில்லை. வேலிக் கிளையும் தென்னம்மட்டையும் போதுமாயிருந்தன. இடம்பெயர்ந்து வாவிக்கரையில் வாழும்போது, நெல் அவித்து விற்பவரும் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவரும் விறகை விலைக்கு வாங்க வேண்டியுள்ளது. சிலர் கண்டல் மரங்களை வெட்டுகிறார்கள். கண்டல் அழிந்தால் அதன் வேர்களிடையே வளரும் மீனும் இறாலும் குறையும்.

மண்ணெண்ணெய்க்கு மாறுவதும் எளிதல்ல. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. விலையை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் எரிக்கும் அளவைக் குறைக்கலாம்.

1. அளந்து எழுதுங்கள்: ஒரு வாரத்துக்கு, அடுப்பில் வைக்கும் விறகை நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை புசல் நெல் அவித்தீர்கள், எத்தனை இடியப்பம் விற்றீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பொறுக்கிய விறகுக்கும் விலை போடுங்கள். அதற்குச் செலவான நேரம் உங்களுடையது. கிலோ 30 ரூபா என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 2 கிலோ மிச்சம் பிடித்தால் 25 நாளில் 1,500 ரூபா மிஞ்சும்.

2. காயவிடுங்கள்: பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஒரு லீற்றர் கொதிநீரை ஆவியாக்கும் வெப்பம், ஏழு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஈரவிறகு அந்த வெப்பத்தைத் தானே குடித்துவிடுகிறது. மாரிக்கு முன் பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே கூரை போடுங்கள்.

3. மூடுங்கள்: தண்ணீர் கொதித்தபின் தீயைக் கூட்டினால் சூடு கூடாது, ஆவிதான் வீணாகும். தீயைத் தணித்து, பானையை இறுக மூடுங்கள். நெல் அவிக்கும் பாத்திரத்தை ஈரச்சாக்கால் மூடலாம்.

4. அடுப்பைத் திருத்துங்கள்: மூன்று கல் அடுப்பில் காற்று வெப்பத்தை அள்ளிச்செல்லும். 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' மண் அடுப்பு, முதற்பானையைச் சூடாக்கிய வெப்பத்தாலேயே இரண்டாம் பானையையும் சூடாக்குகிறது. இடியப்பத்துக்கு அது உதவும். நெல் அவிக்கும் பெரிய பாத்திரத்துக்கு, ஒரு விரல் அகல இடைவெளி விட்டுச் சுற்றிலும் களிமண் சுவர் எழுப்புங்கள்.

மாற்றம் செய்தபின் மீண்டும் ஒரு வாரம் அளந்து, இரண்டு கணக்கையும் ஒப்பிடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:
அ. நமது வருமானத்தில் எவ்வளவு அடுப்புக்குப் போகிறது?
ஆ. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. அது எங்கே போகிறது?
இ. விறகைச் சேர்ந்து வாங்கிக் காயவைக்க நம்மிடையே யாருக்கு இடம் உண்டு?