உவர் மண்ணை ஆராயும் இளம் ஆய்வாளருக்கு

உவர் வேறு, களர் வேறு. உவர் மண்ணில் கரையும் உப்புகள் மிகுதி: மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல், கார அமில நிலை 8.5-க்குக் கீழ். களரில் சோடியம் மண்துகளையே பற்றிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். முன்னதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும், பின்னதற்கு ஜிப்சம் வேண்டும். இக்கடிதத்துக்குக் காரணமான ஆய்வேட்டின் நான்காம் இயலிலோ, நாகப்பட்டினத்துக் கடலோர மண் முதல் பக்கத்தில் உவர், மூன்றாம் பக்கத்தில் களர், அட்டவணையில் வெறும் ‘உப்பு மண்’. உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லை விதைக்கும் விவசாயிக்கு இந்தக் குழப்பம் இல்லை.

இது சொல்லைப் பற்றிய சண்டை அல்ல. யூரியா மண்ணில் சிதைந்து அம்மோனியம் ஆகிறது. கார அமில நிலை 8 என்றால் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் அம்மோனியா வாயுவாக இருக்கும், 9.25-ஐத் தொட்டால் பாதி. களரில் இட்ட உரத்தில் ஒரு பகுதி நுண்ணுயிரிக்குக் கிடைக்குமுன்பே காற்றோடு போய்விடுகிறது. ஆய்வேட்டில் உரத்தோடு மண்ணில் இட்ட, உமியில் செய்த உயிர்க்கரியோ பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, சாம்பலோடு தன் பங்குக்கு உப்பையும் கொண்டுவருவது. அமில மண்ணில் அது மருந்து. களரில் எரிகிற நெருப்பில் ஊற்றிய எண்ணெய்.

எஞ்சிய அம்மோனியத்தை நைட்ரைட்டாக்குபவை இருவகை: பாக்டீரியாக்கள், ஆர்க்கியாக்கள். யூரியா தாராளமாக விழும் வயலில் பொதுவாகப் பாக்டீரியாக்களின் கை ஓங்கும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோபாக்டர் போன்றவை அம்மோனியா மிகுந்தால் எளிதில் சோர்ந்துபோகும். அப்போது நைட்ரைட் நடுவழியில் தேங்கும். காற்றில்லா அடுக்கில் நைட்ரேட் படிப்படியாக நைட்ரஜன் வாயுவாகிறது. அதன் கடைசிப் படியை நடத்தும் நொதி உப்பில் தடுமாறினால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. அந்த நொதிக்குரிய நாஸ்-இசட் மரபணுவை உயிர்க்கரி கூட்டியது என்பதுதான் இயலின் முடிவு.

இங்கேதான் இரண்டாவது குற்றம். மரபணுவின் பிரதிகளை எண்ணுவது நுண்ணுயிரியின் வேலையை அளப்பது ஆகாது. செத்த செல்லின் டிஎன்ஏவும் கணக்கில் ஏறும். போதாக்குறைக்கு, கரி டிஎன்ஏவைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். கரி இட்ட தொட்டியிலும் இடாத தொட்டியிலும் பிரித்தெடுப்பு ஒன்றுபோல் இருக்காது. தெரிந்த அளவு டிஎன்ஏவைச் சேர்த்து எவ்வளவு மீண்டது என்று பார்த்த தடயம் எங்கும் இல்லை. நான்கு வண்ண வரைபடத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

மண்ணில் உள்ளதே அளவீட்டைக் குலைப்பது புதிதல்ல. முன்பு நைட்ரேட்டை ஃபீனால் டைசல்ஃபோனிக் அமில முறையில் அளந்த காலம் ஒன்று உண்டு. மண்சாற்றை நீராவித் தொட்டியில் வற்றவைத்து, அமிலம் சேர்த்து, அம்மோனியா விட்டால் மஞ்சள் எழும். கடலோர மண்ணில் மட்டும் அந்த மஞ்சள் வெளிறிப்போகும். குளோரைடு நைட்ரேட்டைத் தின்றுவிடும். வெள்ளி சல்பேட் விட்டு, தயிர்போல் வெண்மையாகத் திரண்டதை வடிகட்டிய பிறகே எண் நம்பத்தக்கது. வெள்ளி விலையால் அந்தப் படியைத் தாண்டியவர்கள் உவர் மண்ணில் நைட்ரேட்டே இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். இன்றைய கருவிகள் மாறிவிட்டன, உப்பு மாறவில்லை.

கரி இட்ட அளவிலும் உரத்தின் வகையிலும் வயல் மறந்துபோயிருக்கிறது. மண்ணின் எடையில் 5 விழுக்காடு கரி என்பது தொட்டியில் ஒரு கைப்பிடி. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்குச் சுமார் 1,950 டன் மண். அதற்கு 5 விழுக்காடு என்றால் நூறு டன்னை ஒட்டிய கரி. உமி கரியாகும்போது பாதிக்குமேல் எடை போய்விடும். நெல்லில் உமி ஐந்தில் ஒரு பங்கு. ஆயிரம் டன்னுக்கு மேல் நெல் அரைபட வேண்டும். பல் துலக்க உமிக்கரி எடுத்த வீடுகளுக்கு இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கும். யூரியாவும் ஆய்வகத் தூய யூரியா. 2015 முதல் இந்திய விவசாயிக்குக் கிடைப்பது வேப்பெண்ணெய் பூசியது. நைட்ரேட்டாகும் வேகத்தை அந்தப் பூச்சு மட்டுப்படுத்தும்.

ஆனால் 61-ஆம் பக்கம் வேறு ஆள் எழுதியதுபோல் இருக்கிறது. நீர் நின்ற நெல் மண்ணின் மேல் சில மில்லிமீட்டரை மட்டும், செம்பழுப்பு நிறம் மாறும் கோடு வரை, கத்தியால் வழித்துத் தனியாக ஆய்ந்திருக்கிறார் ஆய்வாளர். காற்றுள்ள அந்த மெல்லிய தோலில் நைட்ரேட் உருவாகி, அதன் கீழே உள்ள சாம்பல் மண்ணில் அழிகிறது. இரண்டையும் கலந்து அரைத்துவிட்டு வயலைப் பேசும் கட்டுரைகள் ஏராளம். பொறுமையும் கண்ணும் சேர்ந்த அந்த ஒரு பக்கம் மற்ற எல்லாவற்றையும் மன்னிக்க வைக்கிறது.

அந்தக் கத்தியோடு இன்னும் மூன்று தொட்டிகள் வேண்டும்: உப்புப் போகக் கழுவிய கரி, கழுவாத கரி, கரியே இல்லாமல் அதே அளவு சாம்பல் உப்பு. ஒவ்வொன்றிலும் வேப்பம் யூரியா, முதல் பத்து நாளில் தினமும் ஒரு நைட்ரைட் அளவீடு. கரி உள்ள இரண்டில் ஹெக்டேருக்கு 10 டன் கணக்கில் கரி.