விலை ஏறினால் இசை ஏறுமா?

நம்பிக்கை: லட்சக்கணக்கில் விலை போகும் ஆம்ப்ளிஃபயரில் பாட்டே வேறு மாதிரி கேட்கும். காது உள்ளவர்களுக்கு உடனே தெரியும்.

எது ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்வரை காதுக்கும் தெரியும், சந்தேகமே இல்லை. அதை மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் சோதித்து, 1987 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. ஒரு கோடியில் 220 டாலர் பயனியர் ரிசீவர், மறு கோடியில் ஜோடி 12,000 டாலர் ஃபட்டர்மேன் வால்வு ஆம்ப்ளிஃபயர், நடுவில் இன்னும் சில. கேட்க உட்கார்ந்தவர்களில் வித்தியாசம் உண்டு என்று அடித்துச் சொல்பவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். மாற்றி மாற்றிப் போட்டபோது, குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் எத்தனை விடை சரியாகியிருக்குமோ, ஏறக்குறைய அத்தனைதான் சரியானது. நம்பியவர்களின் காது மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கவில்லை.

அந்தச் சோதனையில் எல்லா ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சத்த அளவில் நிறுத்தியிருந்தார்கள். கடை டெமோவில் இதற்கெல்லாம் யார் மெனக்கெடுகிறார்கள்? இரண்டில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால் ‘சத்தம் அதிகம்’ என்று நமக்குத் தோன்றாது. ‘குரல் தெளிவு, பாஸ் கனம்’ என்றுதான் தோன்றும். வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 200 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து, இரண்டு ஆம்ப்பிலும் வோல்ட்டேஜ் 1 சதவீதத்துக்குள் ஒத்துவரும்வரை வால்யூமைத் திருகட்டும். பிறகு ஒருவர் மறைவில் நின்று ஒயரை மாற்றட்டும். பெரும்பாலான வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

நம்பிக்கை: அப்படியானால் எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றுதான்.

இது எதிர்முகாமின் மிகை. பல வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் அவுட்புட் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு எழும் தடை) அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸோ அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். இரண்டும் சேரும்போது சில சுரங்கள் லேசாகத் தூக்கிக் கேட்கும், சில அமுங்கும். வால்வின் ‘இதம்’ என்று ரசிகர்கள் உருகுவதில் பாதி இதுதான் என்பேன். 1985 வாக்கில் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழுக்கு ஒரு சவால் விட்டார்: நீங்கள் மெச்சும் எந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலியையும் என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவந்து காட்டுகிறேன். அவர்கள் விலையுயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் தன் சர்க்யூட்டைத் திருத்தி, பிரித்தறிய முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார், ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள். வித்தியாசம் இருந்தது நிஜம். அது விலையில் இல்லை.

நம்பிக்கை: விலைக்கேற்ற சரக்கு உள்ளே இருக்கும்.

ஜப்பானின் 47 லேபரட்டரி நிறுவனம் 1990களின் இறுதியில் கொண்டுவந்த ‘கெயின்கார்ட்’ ஆம்ப்ளிஃபயருக்கு, பவர் சப்ளையோடு சேர்த்து, அப்போது ஆயிரக்கணக்கான டாலர் விலை. அதன் இதயம் எல்எம்3875 என்ற, சில டாலருக்குக் கிடைத்த சிப். மூடியைத் திறந்து பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? உலகம் முழுக்க ‘கெயின்க்ளோன்’ என்ற பெயரில் அதன் நகலை வீட்டிலேயே சால்டர் செய்யத் தொடங்கினார்கள். நல்ல கேபினட், கனத்த டிரான்ஸ்ஃபார்மர், பல வருட சர்வீஸ் இவற்றுக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஒலிக்காகக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

நம்பிக்கை: வாட் இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும்.

50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகப் பட வேண்டுமானால் ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற ஊதிப் பெருக்கிய வாட் கணக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

பெரிய ஆம்ப் நிஜமாகவே தேவைப்படும் இடமும் உண்டு. 1980களில் வந்த அபோஜி சின்டில்லா ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் 1 ஓம் அளவுக்கு இறங்கும்; சாதாரண ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தால் சூடேறி மூச்சுவாங்கும். அப்படியொரு ஸ்பீக்கரை வைத்திருப்பவர் தாராளமாகச் செலவு செய்யட்டும். மற்றவர்கள் ஸ்பீக்கருக்கும், எதிரொலிக்கும் வெற்றுச் சுவரில் ஒரு கனமான திரைக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஆம்ப் வாங்கலாம்.