கல்லைக் கொட்டினால் கடல் நிற்குமா?

நம்பிக்கை: துருவக் கடலில் மிதக்கும் பனி உருகுவதால்தான் கடல்மட்டம் உயர்கிறது.

உண்மை: மிதக்கும் பனி உருகினால் மட்டம் கிட்டத்தட்ட மாறாது, தன் எடைக்கான நீரை அது முன்பே விலக்கிவிட்டது. கிரீன்லாந்து, அண்டார்டிகா, மலைகள் ஆகியவற்றில் தரைமேல் கிடக்கும் பனி உருகிச் சேர்வதும், சூடேறிய கடல்நீர் விரிவதுமே முக்கியக் காரணங்கள். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு சுமார் 20 செ.மீ. இப்போது வேகம் கூடியிருக்கிறது.

நம்பிக்கை: கரையோர வீடு இடிந்தால் கடல்மட்ட உயர்வுதான் காரணம்.

உண்மை: இப்படிச் சொல்வது பலருக்கு வசதி. புதுச்சேரியைப் பாருங்கள். இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகின்றன. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக நீட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கடற்கரை காணாமல்போனது. கல் கொட்டினார்கள். அரிப்பு நிற்கவில்லை, அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. எல்லை தாண்டி, தமிழ்நாட்டின் பொம்மையார்பாளையம் வரை போனது. பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அங்கே மணல் திரும்பிவந்தது. மட்டம் உயர உயர, இப்படி மணல் இழந்த கரைகளே முதலில் அடிவாங்கும்.

நம்பிக்கை: கரையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பாதிப்பு.

உண்மை: உப்பு நிலத்தடியில் ஊர்ந்து வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுமீறி நீர் உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடல்மட்டம் உயர்ந்தால் இந்த நெருக்கடி இறுகும். முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் மழைவெள்ளமும் மெதுவாகவே வடியும்.

நம்பிக்கை: இது பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை.

உண்மை: சுவர் கட்ட அவர்கள் போதும். சுவர் வேண்டுமா என்று முடிவுசெய்ய, மணலின் போக்கை ஆண்டு முழுவதும் அளப்பவர், நிலத்தடி நீரியலாளர், தரையின் உயரத்தைத் துல்லியமாக அளக்கும் நில அளவையாளர், கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் தெரிந்தவர் எல்லோரும் வேண்டும். மீனவர்களையும் முதல்நாளே உட்காரவைக்க வேண்டும். கல் கொட்டிய கரையில் படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க இடமிருக்காது. வரைபடத்தில் இது தெரியாது.

உங்கள் ஊரில் தடுப்புச்சுவருக்கு டெண்டர் விட்டால், மணல் நகரும் திசையில் அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்று கிராமசபையில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.