ஆண்டிறுதி விடுமுறையில் தோட்டம் பார்க்க

மலேசியாவில் புதிதாய் வேலையில் சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை சொல்வது:

1. 2026 முதல் பள்ளியாண்டு மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆக, டிசம்பர் உங்கள் கையில். விடுமுறை விட்டதும் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். எதைப் பார்த்தாலும் திருத்தத் துடிப்பது நம் தொழில் புத்தி. கொஞ்ச நாள் சும்மா பாருங்கள்.

2. ஷா ஆலம் தாவரவியல் பூங்காவில் ஒரு கட்டடத்தைக் குளிரூட்டி, நான்கு பருவத்தையும் முறைவைத்துக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கைதான். நமக்கு வாய்த்த குளிர்காலமோ மழைதான். வருஷக் கடைசியில் கிள்ளானில் மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டு கொட்டித் தீர்க்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல், சாம்பல் வெளிச்சத்தில் வெளியே வாருங்கள். செம்பருத்தி துவண்டிருக்கும், மல்லிகை உதிர்ந்திருக்கும். பூவை விடுங்கள். தொட்டியின் வெளிப்பக்கம் ஏறியிருக்கும் பாசியையும், லோங்காங் (வடிகால்) விரிசலில் முளைத்த பெரணியையும், சேம்பிலையில் ஒட்டாமல் உருளும் நீரையும் குனிந்து பாருங்கள்.

3. இனி நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. சாலையோரத் தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் புறா ஆர்க்கிட் தொற்றி வளரும். மலாய்க்காரர்கள் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள். மற்ற நாளில் வெறும் குச்சி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மொட்டு உள்ளே தயாராகி, வளராமல் காத்துக் கிடக்கும். பெருமழை அடித்து வெப்பம் சட்டென்று சில டிகிரி இறங்கினால் விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள் வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும்: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தீற்று, நல்ல வாசனை. பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். தன் மகரந்தமே தனக்கு உதவாத செடி. எல்லாம் சேர்ந்து பூத்தால்தான் காய் பிடிக்கும். குளிர்ந்த மழை பெய்த தேதியைக் காலண்டரில் குறித்து, எண்ணிப் பாருங்கள். எட்டாம் நாளே எட்டிப் பார்ப்பது நல்லது. தள்ளிப்போட்டால் போச்சு.

4. தொட்டித் தட்டில் நிற்கும் மழைநீர் அழகுதான், ஆனால் ஏடிஸ் கொசுவுக்கு அது பிரசவ அறை. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். வாரம் ஒரு தடவையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். அதிகாரிகள் வந்து புழுவைக் கண்டால் அபராதம் வேறு.

5. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர்கள் தோட்டமில்லையே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 1888இல் தொடங்கிய ஏரித் தோட்டம், இன்றைய பெர்டானா தாவரவியல் பூங்கா, பக்கத்தில்தான். தேசிய அருங்காட்சியகத்தைத் தாண்டினால் வந்துவிடும். வார நாளில், மழை விட்ட காலையில் போங்கள். வழுக்காத செருப்பு போதும்.

6. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த அப்பா அம்மா இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் இலை சிவந்து உதிர்ந்து, நிரை நிரையாக மரம் மொட்டையாக நிற்கும். பாலும் குறையும், கூலியும் குறையும். அழகு என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். இப்போது பாதி இடம் செம்பனை, மீதி வீடமைப்பு.

7. கிளை நறுக்குவதும் மண் மாற்றுவதும் பொங்கல் கழிந்து வெயில் நிலைத்த பிறகு. பள்ளி திறந்திருக்கும், பரவாயில்லை, ஒரு சனிக்கிழமை போதும்.