நிரூபிக்கப்படாததெல்லாம் பொய்யல்ல

அன்புள்ள கயல்விழிக்கு,

கஸ்டடி வழக்கு நடக்கும்போது தந்தைமீது போடப்பட்ட போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) வழக்கு விடுதலையில் முடிந்தால், புகார் கொடுத்த தாய்மீது அச்சட்டத்தின் பிரிவு 22-இன்கீழ் உடனே வழக்குப் போடலாம்தானே என்று கேட்டிருந்தாய். சட்டம் படித்தவர்களே இப்படிப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. விடுதலைத் தீர்ப்பு சொல்வது, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதை மட்டுமே. புகார் பொய்யென்பதைத் தனியே நிரூபித்தாக வேண்டும். பிரிவு 22 தண்டிப்பது, அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ பெயரைக் கெடுக்கவோ மட்டுமே கொடுத்த பொய்ப் புகாரை. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொய் சொன்னது குழந்தையென்றால் தண்டனையே இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரைப் பிரிவு 19 காக்கிறது. தந்தை வீட்டிலிருந்து திரும்பிய குழந்தை இரவில் அலறுவதைக் கண்டு பயந்துபோன தாய் தவறாக ஊகித்திருக்கலாம். அதனால் அவள் பொய் சொன்னவளாகிவிட மாட்டாள்.

இந்த வேறுபாட்டை எண்களோடு காட்டும் ஓர் ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. கனடாவில் 1998-இல் குழந்தைகள் நலத்துறைகள் விசாரித்த புகார்களை வைத்து நிக்கோ ட்ரோக்மேயும் நிக்கோலஸ் பாலாவும் 2005-இல் எழுதியது அது. எல்லாப் புகார்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறுதிப்படவில்லை. ஆனால் வேண்டுமென்றே சொன்ன பொய் என்று விசாரணையாளர்கள் கருதியவை 4 சதவீதமே. கஸ்டடித் தகராறு இருந்த குடும்பங்களில் அது 12 சதவீதம். அந்தப் பொய்களில் அதிகம், குழந்தையைக் கவனிக்கவில்லை என்ற புகார்தான். அவற்றைச் சொன்னவர்களில் முன்னிற்பவர்கள் பெயர் சொல்லாமல் புகார் தந்தவர்களும் கஸ்டடி இல்லாத பெற்றோரும் (பெரும்பாலும் தந்தையர்). பொய் உண்டு, தகராறில் அது கூடுகிறது. இருந்தும் பெரும்பான்மை அதுவல்ல. நம் ஊர்த் திண்ணைப் பேச்சு இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

அப்படியானால் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழியில்லையா என்பாய். உண்டு. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம், மகளைத் தந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகத் தாய் கொடுத்த புகாரை ரத்து செய்து, அந்தத் தாய்மீது பிரிவு 22-இன்கீழ் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. புகார் ஜோடிக்கப்பட்டது என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிந்தது. அத்தகைய வழக்கில் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 528-இன்கீழ் ரத்து கோரலாம். பொய்ப் பிரமாணப் பத்திரத்துக்கு அதே சன்ஹிதாவின் பிரிவு 379 உண்டு. வழக்கு முடிந்து ஓராண்டுக்குள் நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் இவையெல்லாம் தாமதமாக வரும் மருந்துகள். அதற்குள் குழந்தைக்குத் தந்தையே அந்நியமாகிவிடுவார். ஆகவே முதல் மனு குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 12-இன்கீழ் இடைக்கால உத்தரவும், மூன்றாமவர் மேற்பார்வையில் சந்திப்பும் கேள். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி மருத்துவ, நல வல்லுநர் உதவியையும் நாடு. புகார் உண்மையானால் குழந்தைக்குப் பாதுகாப்பு, பொய்யானால் உறவு அறாமல் நிற்கும்.

பொய் சொன்னவரிடமிருந்து குழந்தையைப் பிடுங்கித் தந்தால்தான் பாடம் கற்பார்கள் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 17 கேட்பது குழந்தையின் நலனை. கஸ்டடி என்பது தண்டனைப் பொருள் அல்ல. பொய் சொன்னதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கட்டும், ஆனால் அந்தப் பெற்றோரிடம் குழந்தை எப்படி வளரும் என்ற கேள்விக்குள் வைத்தே எடுக்கட்டும். 2017-இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட, ஒரு பெற்றோர் குழந்தையை மற்றவருக்கு எதிராகத் திருப்புவதைச் சொல்லும் பெற்றோர் அந்நியமாதல் நோய்க்குறியையும் எதற்கெடுத்தாலும் நீட்டாதே. 1985-இல் ரிச்சர்ட் கார்ட்னர் முன்வைத்த அந்தக் கருத்து அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் நோயாக இடம்பெறவில்லை. பெயரை வைத்து வாதாடாமல், குழந்தையிடம் யார் என்ன சொன்னார்கள், எப்போது, எதன் பிறகு என்று சான்றுகளை அடுக்கு. நீ யாருக்காக வழக்காடினாலும் நீதிபதி முடிவு செய்ய வேண்டியது அதை வைத்துத்தான்.

அன்புடன்,
உன் ஆசிரியர்